ஈயச் சர்க்கரை

கோயம்புத்தூர்
6.1.2025

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

மீனலோசனி எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கடிதத்தையாவது கடைசிவரை படியுங்கள், அண்ணனுக்காக.

மதுரை ஆஸ்பத்திரியில் நான் செய்தது தப்பு. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டாக்டரிடம் தனியாகப் போய், அண்ணன் உடம்பில் ஏதாவது நஞ்சு சேர்ந்திருக்கிறதா பாருங்கள் என்று சொன்னேன். அவர் உங்களைக் கூப்பிட்டு, வீட்டில் சமைப்பது யார் என்று நர்ஸ் முன்னால் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. வராண்டாவில் உங்கள் தம்பியும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். "எம் புருசனுக்கு நானே விஷம் வைக்கிறேன்னு சொல்றியா மீனு?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் அண்ணனை டிஸ்சார்ஜ் செய்து அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நான் சொல்ல வந்தது ஈயம். காரீயம். யாரும் வைக்காமலே உடம்பில் சேரும். வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, காரணமில்லாத சோர்வு, மணிக்கட்டில் பலம் இல்லாமல் போவது. இந்த ஐந்தும் அண்ணனுக்கு இருக்கிறது. கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் நான், இந்த ஈய உப்புகளோடுதான் என் பிழைப்பு, அதனால் எனக்கு அந்த நினைப்பு வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களுக்கு வரவில்லை.

விருந்தினருக்கு அறை விடுவதற்காகப் போன வருடம் மாடிக் கதவுகளைச் சுரண்டி பெயிண்ட் அடித்தீர்களே, அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாராம். பழைய மஞ்சள் பெயிண்டில் ஈய குரோமேட் இருக்கும், பழைய வெள்ளையில் ஈயக் கார்பனேட். அந்தத் தூசி உள்ளே போயிருக்கலாம். சுரண்டாமல் விட்ட கதவு ஏதாவது இருந்தால் கொஞ்சம் பொடியை இதோடு வைத்திருக்கும் கவரில் போட்டு அனுப்புங்கள். அதற்குள் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

மீனலோசனி

•

சிவமயம்

நாச்சியாபுரம்
10.1.2025

மீனலோசனி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணனிடம் காட்டவில்லை.

இந்த "நீங்கள்" உங்களுக்குப் புதிதாக இருக்கும். உங்கள் அண்ணனைக் கல்யாணம் செய்து வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்றுதான் உங்களைப் பேசியிருக்கிறேன். அந்த உரிமையை வராண்டாவில் வைத்து நீங்களே பிடுங்கிக்கொண்டீர்கள். என் சித்தப்பா இன்றுவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் என்னைத் தின்கிறது.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணனுக்குச் சாதம் இறங்கவில்லை, குழம்பு இறங்கவில்லை. ரசத்தைக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் போகும். அதையும் கொடுக்காமல் விட்டால் இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மூன்று அறைக்கு ஆட்கள் வந்து போகிறார்கள், அந்த விருந்தினர் முன்னால் சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும்.

வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவர்களுக்குப் பயம். எனக்கும்.

நீங்கள் கேட்ட பொடி இருக்கிறது. பின்கட்டுக் கதவில் சுரண்டியது. கதவுகளைச் சுரண்டிய பெத்தன் முந்தாநாள்கூட வந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு ஒரு வலியும் இல்லை. உங்கள் சந்தேகம் தீரட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

சிட்டாள்

•

கோயம்புத்தூர்
16.1.2025

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

பொங்கல் விடுமுறையிலும் லேபைத் திறக்கச் சொல்லி உங்கள் பொடியைப் பார்த்தேன். சோடியம் சல்ஃபைடு கரைசலில் ஒரு சொட்டு போதும், ஈயம் இருந்தால் கறுத்துவிடும். கறுக்கவில்லை. வேறு வழியிலும் செய்து பார்த்தேன். உங்கள் கதவில் ஈயம் இல்லை. நான் நினைத்தது தவறு. பெத்தன் சாப்பிட்ட கறிச்சோற்றுக்கு இருந்த அறிவு என் படிப்புக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. கதவு இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், செலவில்லாதது. வெளிச்சத்தில் அண்ணனை வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசைப் பல்லின் அடியில் ஈறு தொடங்கும் ஓரத்தைப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல் நீலம் கலந்த கறுப்புக் கோடு இருக்கிறதா?

ரத்தத்தில் ஈயம் ஓடினால், வாயில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஈய சல்ஃபைடாக அந்த இடத்தில் படியும். நான் சோதனைக் குழாயில் செய்ததும் இதே வினைதான். பொடியில் கறுக்காதது ஈறில் கறுத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இனி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

மீனலோசனி

•

சிவமயம்

நாச்சியாபுரம்
20.1.2025

மீனு,

கோடு இருக்கிறது.

காலையில் முற்றத்து வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டார்கள். பல் வலிக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். விரலால் தேய்த்தேன், போகவில்லை. நல்ல வேளை, அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று டாக்டர் கோபப்பட்டார். நாள் நன்றாக இல்லை என்று பொய் சொன்னேன்.

இது எங்கிருந்து வருகிறது என்று நினைத்து நினைத்துத் தலை வெடிக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்குப் பயன்படுமா பார். கார்த்திகையில் மகளைப் பார்க்கச் சென்னை போய் சௌபர்ணிகாவின் ஹாஸ்டல் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினோம். அங்கே ஓட்டல் சாப்பாடு. திரும்பும்போது அவர்களுக்கு வலி குறைந்து, வழியில் விராலிமலையில் இறங்கி மயில் பார்க்கலாம் என்று சொல்லும் அளவுக்கு இருந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் மறுபடியும் சுருண்டுவிட்டார்கள். அப்படியென்றால் வீட்டில்தான் இருக்கிறது. நீ மதுரையில் சொன்னதும் அதைத்தானே.

நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அதே தண்ணீர், அதே அரிசி. எனக்கு ஒன்றும் இல்லை. நான் மோர்ச்சோறு சாப்பிடுகிறவள், அவர்கள் மூன்று வேளையும் ரசம். ரசத்தில் என்ன இருக்கப்போகிறது? வீட்டுப் புளி, வீட்டு மிளகு. வந்து தங்குகிறவர்கள் எல்லாம் வெல்லம் போடுவீர்களா, இவ்வளவு இதமாக இருக்கிறதே என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ரசம் அது. நான் வெல்லம் போடுவதே இல்லை.

எதையாவது யோசித்துச் சொல்.

சிட்டாள்

•

கோயம்புத்தூர்
23.1.2025

அண்ணமிண்டி,

கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பாண்டீஸ்வரியின் போனுக்கு அடித்து, இந்தக் கடிதம் வரும்வரை ரசம் வைக்க வேண்டாம் என்று மட்டும் உங்களிடம் சொல்லச் சொன்னேன். அவள் பயந்துபோனாள். காரணம் இதுதான்.

ரசம் எதில் வைக்கிறீர்கள்? எனக்கு நினைவிருக்கிறது, நம் வீட்டு ஈயச் சொம்பில். ஆனால் அந்தச் சொம்பில்தான் ஆத்தா காலத்திலிருந்து வைத்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இப்போதும் அதே சொம்பா?

நாம் ஈயம் என்று ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு உலோகத்தை. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம். அதனால் கெடுதல் இல்லை. காரீயம் வேறு, விலையும் குறைவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல மினுங்கும். காரீயத்தில் புளிப்பு பட்டு, சூடும் காற்றும் சேர்ந்தால் அது கரைந்து உப்பாக மாறும். எங்கள் லேபில் ஈய அசிடேட் இருக்கிறது. மிருதாரசிங்கி என்கிற ஈய ஆக்சைடை வினிகரின் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி ஆறவைத்தால் கிடைப்பது. வெள்ளைப் படிகம், தண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். அதன் பழைய பெயரே ஈயச் சர்க்கரை, ஏனென்றால் இனிக்கும். ரோமாபுரியில் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சித்தான் இனிப்பு ஏற்றினார்களாம். புளியில் இருப்பது வினிகரின் அமிலம் இல்லை, அதனால் ரசத்தில் உண்டாகிற உப்பின் பெயர் வேறு. செய்கிற வேலை ஒன்றே.

நீங்கள் வெல்லம் போடாத ரசம் இதமாக இருந்தது என்று எழுதியதைப் படித்த உடனேதான் போனை எடுத்தேன்.

இப்போதே செய்ய வேண்டியது இரண்டு. முதலில், அண்ணனையும் கூட்டிப்போய் இருவரும் ரத்தம் கொடுத்து, அதில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, அந்தச் சொம்பில் கொஞ்சம் வினிகர் ஊற்றி ஓர் இரவு மூடிவைத்து, அந்த வினிகரைப் பாட்டிலில் எனக்கு அனுப்புங்கள். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறு சொம்பு கிடைத்தால் அதிலும் அதேபோல் செய்து தனிப் பாட்டிலில் அனுப்புங்கள். சொம்பின் அடியில் கத்தியால் சுரண்டிய தூளும் வேண்டும்.

மீனு

•

சிவமயம்

நாச்சியாபுரம்
29.1.2025

மீனு,

அதே சொம்பு இல்லை.

தீபாவளிக்கு முன்னால் பாண்டீஸ்வரி மறதியாக வெறும் சொம்பை எரிகிற அடுப்பில் வைத்துவிட்டாள். அடி உருகி ஓடிவிட்டது. வெள்ளி உருகியதுபோல அடுப்பு மேடையில் கிடந்தது. நான் அவளைத் திட்டவில்லை. ஆட்கள் வருகிற சமயம், ஈயச் சொம்பு ரசம் என்று நம் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், உடனே ஒன்று வேண்டும். சிங்கம்புணரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சந்தையில் வேனில் வைத்துப் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்த ஆளிடம் வாங்கினேன். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. கையில் எடுத்ததும் கனம். பழையதைவிடக் கனமாக இருக்கிறதே, நல்ல சாமான் என்று சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷத்தைப் பார்த்தாயா.

நேற்று அதைக் கவிழ்த்து ஒரு தாளில் இழுத்துப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. பென்சில்போலக் கோடு விழுந்தது, காரீயம் தாளில் எழுதும் என்பார்களே.

நான் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவள்தான் மீனு. பிராக்டிகலில் உப்பைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஈயம் வந்தால் சுலபம், மஞ்சளாக இறங்கிவிடும் என்று நாங்கள் ஆசைப்படுவோம். அதெல்லாம் படித்தும் என்ன.

அவர்களுக்கு வயிறு வலித்தால் ரசம் கொடுத்தேன். வலி கூடியதும் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு ரசம் மட்டும் கொடுத்தேன். வேண்டாம் என்றபோதுகூட, "எனக்காக ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கெஞ்சி ஊட்டினேன். நீ டாக்டரிடம் சொன்னது சரிதானே. வீட்டில் சமைப்பது யார் என்று அவர் கேட்டது சரிதானே.

சாக்கோட்டையில் எங்கள் ஆத்தா வீட்டுச் சொம்பு அறுபது வருடமாக இருக்கிறது. அதை வாங்கிவந்து அதிலும் வினிகர் ஊற்றினேன். பெரிய பாட்டில் நம் வீட்டுச் சொம்பு, சின்ன பாட்டில் ஆத்தாவுடையது. தூளும் பொட்டலத்தில் இருக்கிறது. நம் கார் ஓட்டும் வேல்பாண்டி விருந்தினரைக் கோவையில் இறக்கிவிட வருகிறான், அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வர நாளாகும் என்கிறார்கள்.

அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சிட்டாள்

•

கோயம்புத்தூர்
1.2.2025

அன்புள்ள அண்ணமிண்டி,

வேல்பாண்டி பாட்டில்களைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் தூளைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். வெள்ளீயம் என்றால் கரையாமல் வெள்ளைப் பொடியாக அடியில் நிற்கும். இது குமிழ்விட்டுக் கரைந்து தெளிந்துவிட்டது. பிறகு வினிகர். இரண்டு குழாயிலும் பொட்டாசியம் அயோடைடு விட்டேன். சின்ன பாட்டிலில் எந்த மாற்றமும் இல்லை. பெரிய பாட்டிலில் விட்ட கணத்தில் மஞ்சள், சாமந்திப் பூ மஞ்சள். அதைச் சூடாக்கினால் கரைந்து நிறம் போய்விடும். ஆறும்போது பொன் தகடாக மினுமினுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைச் செய்து காட்டுவேன், எல்லோரும் கைதட்டுவார்கள். நேற்று நான் தனியாக நின்று அதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தேகம் இல்லை. சொம்பு காரீயம்.

இப்போது நீங்கள் எழுதியதற்குப் பதில். நான் டாக்டரிடம் சொன்னது சரியில்லை. நான் கதவைச் சொன்னேன். வீட்டில் எது, எப்போது, யாருக்கு என்று பிரித்துப் பார்த்தது நீங்கள். சென்னையில் வலி குறைந்ததைக் கவனித்தது நீங்கள். வெல்லம் போடாத ரசம் என்று எழுதியதும் நீங்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு குழாயில் ஒரு சொட்டு விட்டேன், அவ்வளவுதான். விற்றவன் செய்த ஏமாற்றை உங்கள் கையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஊட்டிய கை அது.

காரணம் தெரிந்த நோய் இது, அண்ணமிண்டி. மருந்தும் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கும் சோதனை விவரத்தையும் மதுரை டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள், வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது.

மீனு

•

சிவமயம்

நாச்சியாபுரம்
17.2.2025

அன்புள்ள மீனு,

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்துவிட்டு அழுதுகொண்டே இருந்தேன். போனில் எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஈயம் அவர்களுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. ரசத்தை ருசி மட்டும் பார்த்த எனக்குப் பதினொன்று. மதுரை டாக்டர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அதே டாக்டர்தான். படித்துவிட்டு என்னிடம், "அன்னைக்கு நான் கேட்ட விதம் சரியில்லம்மா" என்றார். வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார் பார், அந்த வார்த்தைக்கு அவர் என்ன கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன். உடம்பில் உள்ள ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியே கொண்டுபோகிற மருந்தாம். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. எனக்கு மருந்து வேண்டாம், சொம்பை நிறுத்தினாலே போதும் என்றார். சௌபர்ணிகாவுக்கும் சென்னையில் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை.

அவர்களிடம் நானே சொன்னேன். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது சொன்னேன், அப்போதுதான் எழுந்து போக முடியாது. சொம்பு உருகியது, சந்தை, கனம், ரசம், எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு, "அப்ப இது குணமாயிரும்ல?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "பெறகு எதுக்கு அழுகிறே? நான் புத்துநோயின்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்கள். இத்தனை மாதம் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள் மீனு. என்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்று உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். தீபாவளியிலிருந்து நம் வீட்டில் தங்கிச் சாப்பிட்ட எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். ஊரெல்லாம் தெரிந்தால் யார் வந்து தங்குவார்கள் என்று என் தம்பி தடுத்தான். ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்குப் பயமில்லை என்று டாக்டரும் சொன்னார். ஆனால் புனேயிலிருந்து வந்த ஒரு குடும்பம் குழந்தையோடு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அந்தக் குழந்தை சொம்பைச் சுட்டிக் காட்டி ரசம் கேட்கும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். முந்தாநாள் அவளே கூப்பிட்டாள். குழந்தைக்குப் பரிசோதித்தார்களாம், அளவு சரியாக இருக்கிறதாம். சொன்னதற்கு நன்றி என்றாள். நான் பூஜை அறையில் போய் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவில்லை.

சொம்பைச் சாக்கோட்டையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். சந்தையில் இன்னும் யார் யார் வாங்கினார்களோ. விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சிட்டாள்

•

கோயம்புத்தூர்
21.2.2025

அன்புள்ள அண்ணமிண்டி,

எல்லோருக்கும் போன் செய்தீர்களே, அதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. புனே குழந்தையைப் பற்றிப் படித்த இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

அண்ணன் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஈயமாக இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணமே அதுதான். இது இல்லையென்றால் அது என்று பயம். மதுரையில் அவசரப்பட்டதும் அந்தப் பயத்தில்தான். இதை இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

மாத்திரைக்கு நடுவில் அளவு மறுபடி கொஞ்சம் ஏறும். எலும்பில் தங்கியது வெளியே வரும், அதனால் பயப்பட வேண்டாம். கைக்குப் பயிற்சி கொடுங்கள். என்ன சாப்பிடுகிறார்?

மீனு

•

சிவமயம்

நாச்சியாபுரம்
16.3.2025

அன்புள்ள மீனு,

அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நீ சொன்னதுபோல நடுவில் ஏறியது, நீ முன்னாலேயே எழுதியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. இரண்டு விருந்தினர்கள் வருவதாக இருந்ததை ரத்து செய்தார்கள். நாலு பேர் ரத்து செய்யவில்லை. போதும். சமையலறையில் இப்போது எல்லாம் எவர்சில்வர். பார்க்க ஓட்டல் மாதிரி இருக்கிறது, பழகிக்கொள்வோம்.

பங்குனி உத்திரத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்துவிடுங்கள். மாடியில் முற்றத்தைப் பார்த்த அறையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். என் சித்தப்பாவும் வருவார். அவர் முன்னால் உன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டிருந்தாய். இத்தனை மாதமாக வைத்ததைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பாதியில் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாக இருக்கிறதா என்றால் தலையை ஆட்டுவார்கள். நேற்றுக் காலை வெள்ளைப் பணியாரம் ஊற்றி, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று சட்னியில் மிளகாயைக் குறைத்து அரைத்துவைத்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சிட்டாளு, இது என்ன சட்னியா? காரத்தையே காணோம். ஆருக்கு அரைச்சே?"

குரலில் அந்தப் பழைய அதட்டல். பாண்டீஸ்வரி திட்டு விழுகிறது என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய், ஐந்தாறு வரமிளகாயை எண்ணெயில் வறுத்துச் சேர்த்து, திரும்ப அரைத்துக் கொண்டுவந்து வைத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இரண்டு பணியாரம் கொண்டா என்றார்கள்.

சிட்டாள்